கிள்ளானிலிருந்து ஒரு விசில்

சென்னையில் இரவு ஏழரை என்றால் நமக்குப் பத்து மணி. இந்த இரண்டரை மணி நேர வித்தியாசம்தான் மார்ச் கடைசியில் தொடங்கி மே முடியும்வரை கிள்ளான் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் சண்டைக்குக் காரணம். பத்துக்குத் தொடங்கும் ஆட்டம் முடிய ஒன்றரை ஆகும், சில நாள் இரண்டு. காலையில் ஆறு மணிக்கு எழுந்து கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் நிற்க வேண்டிய மனிதர், தோனி இறங்குவாரா மாட்டாரா என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டில் திட்டு விழுந்தால் இருக்கவே இருக்கிறது மாமாக் கடை. பிரிக்பீல்ட்ஸில் ஆகட்டும், கிள்ளானில் ஆகட்டும், ஒரு பெரிய திரை, ஒரு தே தாரேக், மஞ்சள் சட்டை போட்ட நாலு பேர் இருந்தால் போதும். அதுதான் சேப்பாக்கம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்குச் சென்னை சொந்த ஊரே இல்லை. தாத்தா பாட்டி வந்தது சேலம், நாமக்கல், திருச்சி, தஞ்சாவூர் என்று எங்கெங்கோ இருந்த கிராமங்களிலிருந்து. அவர்களுக்கு மெட்ராஸ் என்றால் கப்பல் ஏறும் துறை. நாகப்பட்டினத்தில் ஏறிய பலர் அந்த ஊரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. 'ரஜூலா' கப்பலில் வந்த என் தாத்தா மெட்ராஸைப் பற்றிச் சொன்னதெல்லாம் டிப்போவில் போட்ட சோறும், கையில் குத்திய ஊசியும்தான். இரண்டையும் அவர் பாராட்டிச் சொன்னதாக நினைவில்லை.

அந்த ஊரின் கிரிக்கெட் அணி எப்படி 'நம்ம டீம்' ஆனது? பதினெட்டுப் பருவங்களின் கதை அது.

2008 ஜனவரி 24-ஆம் தேதி இந்தியக் கிரிக்கெட் வாரியம் எட்டு நகரங்களின் அணிகளை ஏலம் விட்டது. மும்பை 111.9 மில்லியன் அமெரிக்க டாலருக்குப் போனது. சென்னையை 91 மில்லியனுக்கு எடுத்தது இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம். அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 300 மில்லியன் ரிங்கிட். சிமெண்ட் கம்பெனிக்குக் கிரிக்கெட் எதற்கு என்று கேட்கத் தோன்றும். சென்னைக்காரர்கள் கேட்கமாட்டார்கள். அங்கே கிரிக்கெட்டை வளர்த்ததே கம்பெனிகள்தான். இந்தியா பிஸ்டன்ஸ், ஸ்டேட் வங்கி, ஜாலி ரோவர்ஸ், இந்தியா சிமெண்ட்ஸ் என்று உள்ளூர் லீக்கில் மோதிக்கொண்ட அணிகளுக்குப் பின்னால் நிறுவனங்கள் இருந்தன. நன்றாகப் பந்து போடுகிற பையனுக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்து, மாதச் சம்பளம் தந்து, ஆட விட்டார்கள். நமக்கும் இது புதிதில்லை. பி.கே.என்.எஸ்., போலீஸ், ராணுவம் என்று காற்பந்தில் நாமும் இதே வழியில்தான் ஆட்டக்காரர்களை வளர்த்தோம்.

அந்த மைதானத்திலும் நமக்கு ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. எம்.ஏ. சிதம்பரம் விளையாட்டரங்கத்துக்குப் பெயர் தந்தவர் செட்டிநாட்டு ராஜா அண்ணாமலை செட்டியாரின் மகன். கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் கிட்டங்கி போட்டு வட்டிக்கடை நடத்தினார்களே நகரத்தார், அந்தச் சமூகத்தவர். மலாயாவில் தோட்டம் வாங்கவும் கடை வைக்கவும் கடன் கொடுத்த கைகள் அவை. கிட்டங்கிக்குள் கால் வைக்கவும் வழியில்லாத தோட்டப்புறத்துப் பேரப்பிள்ளைகள்தான் இன்று அந்த அரங்கத்தைத் திரையில் பார்த்து விசில் அடிக்கிறார்கள்.

அணியை வாங்கியாகிவிட்டது. ஆட்களைப் பிடிக்க வேண்டும். அங்கேதான் சென்னைக்கு ஒரு குறை இருந்தது. மும்பைக்குச் சச்சின், கொல்கத்தாவுக்குக் கங்குலி, பெங்களூருக்குத் திராவிட், டில்லிக்குச் சேவாக், பஞ்சாபுக்கு யுவராஜ் என்று ஐந்து ஊர்களுக்கு உள்ளூர் நட்சத்திரம் இருந்தார். அவர்களை ஏலத்துக்கு விடவில்லை. அந்தந்த ஊருக்கே கொடுத்து, அணியில் அதிக விலை போனவரைவிட 15 விழுக்காடு கூடுதலாகச் சம்பளம் தர வேண்டும் என்று விதி வைத்தார்கள். சென்னைக்கு அப்படி ஒருவர் இல்லை. குறை என்று பார்த்தால் குறை. ஆனால் கையில் இருந்த காசு முழுதும் கையிலேயே இருந்தது. பிப்ரவரி 20 ஏலத்தில் ராஞ்சிக்காரர் ஒருவரை 1.5 மில்லியன் டாலருக்கு, அன்றைய ஏலத்தின் உச்ச விலைக்கு, தூக்கினார்கள். உள்ளூரில் ஆள் இல்லாததால்தான் தோனி வந்தார். இந்த அணியின் கதை முழுவதும் இப்படித்தான் ஓடுகிறது.

அதே பிப்ரவரி 20-ஆம் தேதி இங்கே நம் நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம். மும்பையில் கோடிகள் புரண்டபோது, பூச்சோங் கின்ராரா மைதானத்திலும் மற்ற இடங்களிலும் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். மார்ச் 2-ஆம் தேதி கின்ராராவில் நடந்த இறுதியாட்டத்தில் இந்தியா 159 ஓட்டங்களுக்குச் சுருண்டும், மழை குறுக்கிட்ட ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவை 12 ஓட்டங்களில் வென்றது. தலைவர் விராட் கோலி. துணைத் தலைவர் ஜாம்நகரைச் சேர்ந்த ஒல்லியான இடக்கைப் பந்துவீச்சாளர், ரவீந்திர ஜடேஜா. அவரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கின்ராராவுக்கு அதற்கு முன்பே ஒரு ராசி உண்டு. 2006 செப்டம்பரில் இந்தியா, ஆஸ்திரேலியா, மேற்கிந்தியத் தீவுகள் மூன்றும் இங்கே வந்து ஒருநாள் போட்டித் தொடர் ஆடின. சச்சின் 141 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றது அந்தத் தொடரில்தான். தோனி ஆடினார், ரெய்னா ஆடினார், ஆஸ்திரேலியாவின் மைக் ஹசி சதம் அடித்தார். பின்னாளில் மஞ்சள் சட்டையில் நாம் கொண்டாடப்போகிற மூன்று பேரும் பூச்சோங்கில் ஒரே புல்லில் நின்றிருக்கிறார்கள். டிக்கெட் வாங்கிப் போனவர்களில் பெரும்பாலோர் சச்சினைப் பார்க்கத்தான் போனார்கள். பையன்களை யார் கவனித்தார்கள்?

முதல் ஆட்டம் 2008 ஏப்ரல் 19, மொகாலியில். ஹசி 54 பந்துகளில் 116 அடித்தார், சென்னை 240. நாலு நாள் கழித்துச் சேப்பாக்கத்தில் முதல் ஆட்டம், மும்பைக்கு எதிராக, ஆறு ஓட்ட வெற்றி. மே 10-ஆம் தேதி லட்சுமிபதி பாலாஜி அடுத்தடுத்து மூன்று விக்கெட் எடுத்தார். ஐ.பி.எல். வரலாற்றில் முதல் ஹாட்ரிக் ஒரு தமிழ்நாட்டுப் பந்துவீச்சாளர் கையால், சேப்பாக்கத்திலேயே. முத்தையா முரளிதரனும் அந்த அணியில் இருந்தார். அவருடைய தாத்தா இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர் என்று தெரிந்தபோது, இங்கே ரப்பர் தோட்டத்தில் பிறந்த பெரியவர்கள் சிலர் கிரிக்கெட் பார்க்கவே ஆரம்பித்தார்கள். விதி என்ன, எல்.பி.டபிள்யூ. என்றால் என்ன, ஒன்றும் தெரியாது. 'நம்ம தோட்டத்துப் பிள்ளை' போடுகிறான், அவ்வளவுதான்.

ஜூன் 1 இறுதியாட்டத்தில் ராஜஸ்தானிடம் கடைசிப் பந்தில் தோற்றோம். அந்த ராஜஸ்தான் அணியில் இருந்த சின்னப் பையன்களில் ஒருவர், மூன்று மாதம் முன்பு பூச்சோங்கில் கோப்பை தூக்கிய ஜடேஜா.

அடுத்த சில ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடலாம், ரசிகர்களுக்கு மனப்பாடம். 2009-இல் ஸ்டீபன் பிளெமிங் பயிற்றுநரானார், இன்றும் அவர்தான். இத்தனை ஆண்டு ஒரே பயிற்றுநர் என்பதை நம் காற்பந்துக் கிளப்புகள் ஒரு தரம் யோசித்துப் பார்க்கலாம். 2010-இல் முதல் கோப்பை. 2011 இறுதியாட்டம் சேப்பாக்கத்திலேயே. முரளி விஜய் 95 அடித்தார். ஹசியோடு சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 159. பிறகு அஸ்வின் முதல் ஓவரிலேயே கிறிஸ் கெய்லை ஓட்டமின்றி வெளியேற்றினார். பத்ரிநாத்தும் அணியில். பதினொருவரில் மூன்று தமிழ்நாட்டுக்காரர்கள், அவர்களில் இருவர் ஆட்டத்தையே முடித்து வைத்தார்கள். 'நம்ம டீம்' என்று சொல்வதற்கு அன்று யாரும் காரணம் கேட்கவில்லை.

காரணம் கேட்க வைத்த காலம் 2013-இல் வந்தது.

அந்த ஆண்டு மார்ச்சில் தமிழ்நாட்டு முதல்வர் ஜெயலலிதா, ஈழத் தமிழர் பிரச்சினையை முன்வைத்து, இலங்கை ஆட்டக்காரர்கள் இடம்பெறும் ஆட்டங்களைச் சென்னையில் அனுமதிக்க முடியாது என்று கடிதம் எழுதினார். இலங்கையர் சென்னையில் ஆடமாட்டார்கள் என்று ஐ.பி.எல். நிர்வாகம் முடிவெடுத்தது. சென்னை அணியிலேயே இருந்த குலசேகரவும் அகில தனஞ்சயவும் சொந்த மைதானத்தில் இறங்க முடியாமல் போனது. அப்போது பெங்களூருக்குப் போயிருந்த முரளிதரனுக்கும் அதே தடை. தமிழர் பெயரால் வந்த தடை ஒரு தமிழரையும் வெளியே நிறுத்தியது. 2009-இன் காயம் ஆறாத நேரம். பிரிக்பீல்ட்ஸில் மெழுகுவத்தி ஏற்றி நின்றவர்களும் நாம்தான், முரளிக்குக் கைதட்டியவர்களும் நாம்தான். அதனால் இந்தப் பேச்சு மேசையில் எழுந்தால் யாராவது ஒருவர் பேச்சை மாற்றிவிடுவார்.

இரண்டு மாதம் கழித்து வந்தது வேறு மாதிரி அடி. அணி நிர்வாகத்தின் முகமாக வலம் வந்த குருநாத் மெய்யப்பன் சூதாட்டப் புகாரில் மும்பையில் கைதானார். அவர் இந்தியா சிமெண்ட்ஸ் என். சீனிவாசனின் மருமகன். சீனிவாசன் அப்போது இந்தியக் கிரிக்கெட் வாரியத்துக்கே தலைவர். போட்டியை நடத்துகிறவரும் அவர், போட்டியில் ஆடும் அணிக்குச் சொந்தக்காரரும் அவர். இப்படி இரண்டு நாற்காலியில் உட்கார வாரியத்தின் விதியையே 2008-இல் திருத்தியிருந்தார்கள். 2015 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லாது என்றது. அதே ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி நீதிபதி லோதா குழு, சென்னைக்கும் ராஜஸ்தானுக்கும் இரண்டாண்டுத் தடை விதித்தது. குருநாத்துக்கு வாழ்நாள் தடை.

நம் ரசிகர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு அது பிடிக்கவில்லை. 'வடக்கத்திக்காரன் சதி' என்றார்கள். 'தமிழன் மேலே வந்தால் பொறுக்காது' என்றார்கள். இங்கே ஒரு கட்சித் தலைவரோ கோயில் கமிட்டியோ கணக்குக் காட்டாமல் மாட்டிக்கொண்டால் வருகிற அதே வசனம். ஆட்டக்காரர்கள் மேல் வைத்த பாசத்தை அப்படியே முதலாளியின் கணக்குப் புத்தகத்துக்கும் நீட்டினார்கள். அணி நம்முடையது என்று சொல்லிக்கொள்கிறவனுக்குத்தான் முதலாளியைக் கேள்வி கேட்கும் உரிமை முதலில் உண்டு. அந்தக் கேள்வியை நீதிமன்றம் கேட்டது. ரசிகர் மன்றங்கள் கேட்கவில்லை.

இரண்டு ஆண்டு மஞ்சள் இல்லை. தோனி புனேவுக்குப் போனார், ரெய்னாவும் ஜடேஜாவும் குஜராத்துக்குப் போனார்கள். 2012-இலேயே ஜடேஜா சென்னைக்கு வந்துவிட்டார் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். விலை 2 மில்லியன் டாலர், அந்த ஆண்டின் உச்சம். 'இவனுக்கா இவ்வளவு?' என்று முணுமுணுக்காத ரசிகன் குறைவு.

2018-இல் திரும்பி வந்தபோது அணியைப் பார்த்துச் சிரித்தார்கள். முக்கால்வாசிப் பேர் முப்பதைத் தாண்டியவர்கள். முதல் ஆட்டத்தில் பிராவோ 30 பந்துகளில் 68 அடித்து, ஒரே ஒரு விக்கெட் மிச்சத்தில் மும்பையை மும்பையிலேயே வென்றார்கள். ஏப்ரல் 10 சேப்பாக்கம். வெளியே காவிரிப் போராட்டம், தண்ணீர் இல்லாத ஊரில் கிரிக்கெட் எதற்கு என்ற கேள்வி. உள்ளே மைதானத்தில் செருப்பு வந்து விழுந்தது. கடைசி ஓவரில் சிக்ஸர் அடித்து ஆட்டத்தை முடித்தவர் ஜடேஜா. அத்தோடு சொந்த மைதானம் போனது. மிச்ச ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டன.

காவிரி கேட்டவர்கள் பக்கம் நியாயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த வாரம் நடந்த இன்னொன்றுதான் எனக்கு மனதில் நிற்கிறது. ஏறக்குறைய ஆயிரம் ரசிகர்கள் சென்னையில் ரயில் ஏறிப் புனேவுக்குப் போனார்கள். 'விசில் போடு எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்த தனி ரயில், சோறும் சட்டையும் டிக்கெட்டும் நிர்வாகத்தின் செலவு. போய் இறங்கி, வாட்சன் ராஜஸ்தானுக்கு எதிராக 106 அடிப்பதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். தோட்டத்து லாரியில் நெருக்கியடித்து ஏறி மெர்டேகா அரங்கத்துக்குக் காற்பந்து பார்க்கப் போன கதையை எங்கள் அப்பா தலைமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். ரயில் படத்தைப் பார்த்ததும் எனக்கு அந்த லாரிதான் ஞாபகம் வந்தது. ஊர் இல்லாமல் ஓர் ஊர் அணி அந்த ஆண்டு கோப்பையையும் வென்றது. இறுதியாட்டத்தில் அதே வாட்சன் 117.

பிறகு 2019-இல் ஒரே ஓட்டத்தில் தோல்வி, 2020-இல் முதல் முறையாக அடுத்த சுற்றுக்கே போகாமல் அவமானம், 2021-இல் துபாயில் நாலாவது கோப்பை. இவற்றையெல்லாம் தாண்டி 2023 மே 29-க்கு வருகிறேன். இந்த அணியைப் பற்றி யார் என்னிடம் என்ன கேட்டாலும் அந்த ஓர் இரவில் பதில் இருக்கிறது.

அகமதாபாத்தில் இறுதியாட்டம், குஜராத்துக்கு எதிராக. ஞாயிற்றுக்கிழமை மழையில் போய், திங்கள் இரவு நமக்குப் பத்து மணிக்குத் தொடங்கியது. செவ்வாய் வேலை நாள். குஜராத் 214. அதில் 96 ஓட்டங்கள், வெறும் 47 பந்துகளில், சாய் சுதர்சன் என்ற 21 வயதுப் பையன் அடித்தது. எந்த ஊர் என்று கேட்டால், சென்னை. சேப்பாக்கம் பார்த்து வளர்ந்த சென்னைத் தமிழ்ப் பையன் சென்னையைப் போட்டு வெளுத்துக்கொண்டிருந்தான். நான் இருந்த மேசையில் ஒருவர், 'அட, நம்ம பையன்!' என்று எழுந்து கைதட்டிவிட்டு, சுற்றிலும் மஞ்சள் சட்டைகள் முறைப்பதைப் பார்த்து மெல்ல உட்கார்ந்தார். கடைசி ஓவரில் அவனை வீழ்த்தியவர் யார்? இலங்கையின் மதீஷ பத்திரன. பத்து ஆண்டுக்கு முன் இலங்கையர் கால் வைக்கக் கூடாது என்ற அதே சேப்பாக்கத்தின் செல்லப் பிள்ளை.

சென்னை ஆடத் தொடங்கி மூன்றே பந்து. மறுபடி மழை. மணி பன்னிரண்டரை, ஒன்று, இரண்டு. கடைக்காரர் நாற்காலிகளை மேசை மேல் கவிழ்க்க ஆரம்பித்துவிட்டு, எங்களைப் பார்த்து மனம் மாறினார். நம் நேரம் இரண்டே முக்காலுக்கு ஆட்டம் மீண்டும் தொடங்கியது, 15 ஓவரில் 171 வேண்டும் என்று. நாலு மணிக்கு நெருங்கும்போது கடைசி இரண்டு பந்தில் பத்து ஓட்டம் தேவை. தோனி முதல் பந்திலேயே போய்விட்டார். பந்து போடுகிறவர் மோகித் சர்மா, முன்பு நம் அணியில் இருந்தவர். எதிரே நிற்பவர் ஜடேஜா. குஜராத்தில் பிறந்த ஜடேஜா, குஜராத் மண்ணில், குஜராத்துக்கு எதிராக, சென்னைக்காக ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்தார். தோனி அவரை இடுப்போடு சேர்த்துத் தூக்கினார். பக்கத்துச் சூராவில் காலைத் தொழுகைக்கு ஆட்கள் வருமுன்பே நாங்கள் விசில் அடிப்பதை நிறுத்திக்கொண்டோம், அந்த மட்டில் மரியாதை தெரிந்தவர்கள்.

அன்று சென்னைக்கு ஆடியவர்களில் ஒருவர்கூடத் தமிழ்நாட்டுக்காரர் இல்லை. ருதுராஜ் புனே, கான்வே நியூசிலாந்து, ரகானே மும்பை, மொயின் அலி பர்மிங்ஹாம், தீக்ஷன கொழும்பு. 2011-இல் மூவர், 2023-இல் பூஜ்யம். நடராஜன், வருண் சக்கரவர்த்தி, வாஷிங்டன் சுந்தர், சாய் சுதர்சன் எல்லாரும் வெளியூர்ச் சட்டையில். தினேஷ் கார்த்திக் ஓய்வு பெறும்வரை மஞ்சள் சட்டை போடவே இல்லை. இதைப் பற்றிக் குறை சொல்கிறவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. சேலத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுக்கொண்டிருந்த நடராஜனை முதலில் பணம் கொடுத்து எடுத்தது பஞ்சாப் என்றால், சென்னையின் ஆள் தேடும் கண்ணில் ஏதோ கோளாறு என்றுதான் அர்த்தம். அதைச் சாமர்த்தியம் என்று பூசி மெழுகத் தேவையில்லை.

மீதிப் பாதியில் நான் வேறு பக்கம். பிறந்த ஊரை வைத்துத்தான் சொந்தம் என்றால், நாம் இங்கே யார்? நூறு ஆண்டுக்கு மேல் இந்த மண்ணில் இருந்தும் 'எங்கிருந்து வந்தவன்' என்று கேட்கப்படுகிற நாம், ராஞ்சிக்காரனையும் ஜாம்நகர்க்காரனையும் பார்த்து அதே கேள்வியைக் கேட்க முடியுமா? தோனிக்கு 'தல' என்று பட்டம் கொடுத்தார்கள். அவருக்குத் தமிழ் வராது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வந்தார், இருந்தார், தடை விழுந்து அணி கலைந்தபோதும் திரும்பி வந்தார். சென்னை அதைக் கணக்கில் வைத்துக்கொண்டது.

இதைச் சொன்ன வாயால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் பையன்களே ஆடிய, நம் பக்கத்திலேயே இருந்த, தொழில்முறை நகர அணி ஒன்று நமக்கும் இருந்தது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் அணியாகத் தொடங்கி, 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்குக்கு ஏறியது. கிளானா ஜெயாவில் 25,000 பேர் உட்காரக்கூடிய அரங்கம். பயிற்றுநர் பி. மணியம். கடைசிப் பருவங்களில் வெளிநாட்டு ஆட்டக்காரரே இல்லாமல் உள்நாட்டுப் பிள்ளைகளை மட்டும் வைத்துச் சூப்பர் லீக்கில் தாக்குப்பிடித்தார்கள். எல்.ஆர்.டி. ஏறினால் போய்விடலாம், வீட்டுக்குப் பத்தரைக்கெல்லாம் திரும்பிவிடலாம். நான் போன ஆட்டங்களில் இருக்கைகளின் நிறத்தைத்தான் அதிகம் பார்த்தேன். 2022 பருவத்தோடு கிளப் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. மாமாக் கடைத் திரையில் அன்று வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

கிரிக்கெட்டிலும் அதே நிலைதான். கோலியும் ஜடேஜாவும் கோப்பை தூக்கிய கின்ராரா இன்று நம் கிரிக்கெட்டுக்கு இல்லை; நில விவகாரம் நீதிமன்றம்வரை போய், சங்கம் காலி செய்ய நேர்ந்தது. ஆனால் கிள்ளான் பண்டமாரானில் பாயுமாஸ் மைதானம் இருக்கிறது. 2023 ஜூலை 26-ஆம் தேதி அங்கே நம் நாட்டு ஆட்டக்காரர் சியாஸ்ருல் இட்ருஸ் சீனாவுக்கு எதிராக எட்டே ஓட்டங்கள் கொடுத்து ஏழு விக்கெட் எடுத்தார். ஏழும் குச்சி தெறித்த விக்கெட். அனைத்துலக டி20-இல் அன்றைய உலகச் சாதனை அது. சென்னை கோப்பை வென்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 2025 பிப்ரவரி 2-ஆம் தேதி அதே பாயுமாஸில் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கிண்ண இறுதியாட்டம். இந்தியா வென்றது. அணியில் மதுரைப் பெண் கமலினி இருந்தார். கிள்ளான் லிட்டில் இந்தியாவிலிருந்து கார் ஓட்டினால் எத்தனை நிமிடம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சென்னையில் இப்போது வேறு காலம். 2024-இல் தோனி தலைமையை ருதுராஜிடம் கொடுத்தார். 2025-இல், பத்து அணிகளில் பத்தாவது இடம், வரலாற்றில் முதல் முறையாக. அஸ்வின் திரும்பி வந்து ஒரே பருவம் ஆடிவிட்டு ஓய்வை அறிவித்தார். 2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனமே அல்ட்ராடெக் கைக்குப் போனது. அணி முன்பே தனி நிறுவனமாகப் பிரிந்திருந்ததால் தப்பியது. அணியை வாங்கிய கம்பெனி கைமாறிவிட்டது, அணி நிற்கிறது. 2025 நவம்பர் 15, சனிக்கிழமை, அந்தச் செய்தி வந்தது: சஞ்சு சாம்சன் சென்னைக்கு, ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு. பண்டமாற்று.

தொழில்முறை அணி என்றால் இதுதான். கோப்பையை வென்று கொடுத்தவரையும் பேரம் பேசித்தான் அனுப்புவார்கள். அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது, ஜடேஜா தொடங்கிய இடத்துக்கே போகிறார். என் அண்ணன் மகனுக்கு மட்டும் இது புரியவில்லை. எட்டாம் எண் மஞ்சள் சட்டை வைத்திருக்கிறான். பிரிக்பீல்ட்ஸில் வாங்கியது, வெளுக்க வெளுக்கச் சாயம் போய்ப் பாதி வெள்ளையாகிவிட்டது. ஜடேஜா ராஜஸ்தான் சட்டையில் சென்னைக்கு எதிராக இறங்கும் நாளில் விசிலும் அடிக்கமாட்டானாம், கூச்சலும் போடமாட்டானாம், வாயை மூடிக்கொண்டு பார்க்கப்போகிறானாம்.

1999-இல் பாகிஸ்தான் வென்றபோது எழுந்து நின்று கைதட்டிய அரங்கம் அது, சேப்பாக்கத்தில் ஜடேஜாவுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும் என்றேன். அவன் நம்பவில்லை. ஒரு ரொட்டி சானாய்க்குப் பந்தயம் கட்டியிருக்கிறோம்.